திரும்பி வந்ததையும் எழுதுங்கள்

கல்மண்டபத்தில், மீன் ஐஸ் உருகி ஓடும் சந்தில்
ஒரு ஜெராக்ஸ் கடை.
மனு தட்டுபவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்கிறார்:
எதிரிகள் எத்தினி பேர்?
பனி சார், எண்ணவில்லை.
தூரம்?
இங்கிருந்து அந்த டீக்கடை.
ஆனால் அந்த ராத்திரிக்குள் போய் முடியாத தூரம்.

பக்கத்து ஸ்டூலில் பிலோமினா.
காசிமேட்டில் ஏலம் முடித்து நேராக வந்திருக்கிறாள்.
முழங்கையில் ஒட்டிய செதில்
டியூப்லைட்டுக்கு மின்னுகிறது.
நாயக் தேசிங்கின் மனைவி என்று
முதல் பத்தியிலேயே தட்டியாயிற்று.
கொடுத்தது சின்ன விருது,
பெரியதைக் கேட்கும் மனு இது.
கண்ணால் கண்ட சாட்சி நான்.
இப்போது மணலி கன்டெய்னர் யார்டில் நைட் வாட்ச்மேன்.

ரேடியோக்காரப் பையன் அடிபட்டுக் கிடந்தான் சார்.
தூக்கிவரப் போன தேசிங்கு
பாதி வழியில் திரும்பி வந்தான்.

விரல்கள் நிற்கின்றன.
"அத்த வுட்டுடலாம்பா. கேஸு நிக்காது."

எழுதுங்கள்.
பாறைக்குப் பின்னால் பத்து நிமிடம் உட்கார்ந்தான்.
வாந்தி எடுத்தான்.
பூட்ஸ் லேஸ் அவிழ்ந்திருந்தது.
கட்டிவுடுடா, கை நிக்க மாட்டேங்குது என்றான்.
கட்டினேன், ரெட்டை முடிச்சு.
பிறகு போனான்.

முதல் தடவை போகிறவனுக்கு
அங்கே என்ன இருக்கிறதென்று தெரியாது.
தெரியாமல் போனவன்தான் நானும்,
என் மெடல் ரேஷன் கார்டோடு டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது.
இரண்டாம் தடவை போனவனுக்கு
ஒவ்வொரு கல்லும் தெரியும்.

அவர் பிரேத அறிக்கையைப் புரட்டுகிறார்.
குரலைத் தாழ்த்துகிறார்.
"காயம் முதுகுலன்னு போட்டுக்கிறான்."

மார்பிலா முதுகிலா என்று
ஈராயிரம் வருஷமாகப் பிணத்தைப் புரட்டிப் பார்க்கிற மொழி நம்முடையது.
முதுகில்தான் சார்.
பையனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தான்.
குண்டுக்குக் காட்ட
முதுகுதான் மிச்சம் இருந்தது.

கொருக்குப்பேட்டைப் பக்கம் கூட்ஸ் வண்டி போகிறது.
நீளமான வண்டி.
அது முடியும்வரை யாரும் பேசவில்லை.

அப்புறம் பிலோமினா, இன்றைக்கு முதல் முறையாக:
"எந்தக் கால் லேஸு?"
இடது.
"அதான் எப்பவும் அவுந்துடும் அதுக்கு."

மனு தட்டுபவர் கண்ணாடியை இறக்கிக்கொள்கிறார்.
ஏழாவது பத்தியில் அழித்த இடத்துக்கு
கர்சரைக் கொண்டுபோய்
இடது என்பதையும் சேர்க்கிறார்.