முப்பத்தைந்தில் ஒரு பங்கு

ஜெர்மானியர்கள் கிடைக்கிறார்கள்.
ஐந்து பேர் கொண்ட பெட்டி ஆயிரத்து இருநூறு.
சவரம் செய்கிறவன், சூப் குடிக்கிறவன்,
வாத்தைக் கக்கத்தில் இடுக்கியவன்,
பூட்ஸைக் கழற்றிக் கால்விரல் பார்க்கிறவன்.
தோற்ற படைக்கு எவ்வளவு ஆள்பலம்!

எனக்கு வேண்டியது மூன்று இஸ்ரேல் சிப்பாய்கள்.
வார்த்துக்கொண்டிருந்த கம்பெனி நிறுத்திவிட்டது.
வேறொருவன் தன் வீட்டு ஷெட்டில் ரெசினில் வார்க்கிறான்:
தலைக்கு முப்பது டாலர், தபால் செலவு தனி,
சுங்கத்தார் கேள்வி தனி.
போன முறை என் நாலு அங்குலப் பீரங்கியைப்
பதினெட்டு நாள் வைத்திருந்து,
'பொம்மை' என்று எழுதி அனுப்பினார்கள்.

தோட்டப்பாளையம் மாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை.
மே மாதத்தில் பசை குப்பிக்குள்ளேயே இறுகும்.
அதற்குள் ஒரு மெர்காவா டாங்கியை முடித்துவிட்டேன்.
பகலில் நான் பல்செட் கட்டுகிறவன்;
இரவிலும் அதே மெழுகுக் கத்தி, அதே பூதக்கண்ணாடி.
டரட்டின் பின்னால் சங்கிலி நுனியில் தொங்கும் குண்டுகள்
நூற்றுச் சொச்சம், ஒவ்வொன்றாய்க் கோத்தேன்.
இந்த டாங்கிக்குப் பின்பக்கம் ஒரு கதவு உண்டு.
திறந்துவைத்தேன்.
இறங்க ஆளில்லை.

கடைசியில் ஒரு ஜெர்மானியனை அறுத்தேன்.
யாரை அறுத்து யாரைச் செய்கிறேன் என்பது
ரம்பம் கழுத்தைத் தாண்டிய பிறகுதான் உறைத்தது.
கொஞ்ச நேரம் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருந்தேன்.
பிறகு காலர் பட்டையைச் சுரண்டினேன்,
மார்பிலிருந்த கழுகைச் சுரண்டினேன்.
டிஷ்யூ பேப்பரை நீர்த்த பசையில் நனைத்து
ஹெல்மெட்டுக்கு மேல் தொளதொளவென்று ஒரு உறை.
சித்தாள் தலையில் சட்டி ஏறுமுன்
சும்மாடு அப்படித்தான் இருக்கும்.

முகம் எனக்கு வராது.
முகம் முனவ்வர் வேலை.
பக்கத்துப் பல்லின் வெற்றிலைக் கறையைக்கூட
செராமிக்கில் ஒத்து வைக்கிற கை.
மூன்று தலை வேண்டும் என்றேன். அளவு சொன்னேன்.
எந்த நாட்டுச் சேனை என்பதையும் சொன்னேன்.
அவன் வீட்டு டிவியில் எந்தச் செய்தி
இரவெல்லாம் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும்.
"வெச்சிட்டுப் போ" என்றான்.

ஒன்பது நாள் அதைப் பற்றிப் பேச்சில்லை.
பத்தாம் நாள், டீ கிளாஸுக்குப் பக்கத்தில்,
துவரம்பருப்பு அளவில் மூன்று தலைகள்.
ஒருவனுக்குத் தூக்கம்.
ஒருவனுக்குத் தாடி இன்னும் சரியாக முளைக்கவில்லை.
மூன்றாமவன் ஆற்காடு பஸ் கண்டக்டர் ஜாடை.
எவனுக்கும் பல் தெரியவில்லை.
"வாய் தொறந்தா இன்னாவாச்சும் சொல்லணும்ல" என்றான்.
கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு,
"ஆமா, எதிர்ல யாரு நிக்கிறாங்கோ?"

தேடினேன்.
இடிந்த வீடு கிடைக்கிறது, நான்கு அளவுகளில்.
மாடிப்படி மட்டும் மிஞ்சிய வீடு,
ஒரு ஜன்னல் மட்டும் மிஞ்சிய வீடு,
செங்கல் சிதறல் கிராம் கணக்கில்.
வீட்டுக்காரர்
எந்தப் பட்டியலிலும் இல்லை.
சிப்பாய்க்குத் தட்டுப்பாடு என்று
ஒரு வருஷம் புலம்பியவன் நான்.

ஜன்னல் வீட்டை வாங்கினேன். விலை குறைவு.
தபால்காரர் எத்திராஜ் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு
மாடி ஏறி வந்தார். அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர்:
கவனம், உடையும்.

முனவ்வர்தான் பிரித்தான்.
சுவர் இரண்டாகக் கிடந்தது.
செய்தவன் உடைத்தது எது,
வழியில் உடைந்தது எது?
பெட்டிமேல் உள்ள படத்தை விளக்கடியில் வைத்து
விரிசல் விரிசலாய் ஒத்துப் பார்க்கிறோம்.
காலை எட்டு மணிக்கு
சத்துவாச்சாரிப் பெரியவருக்கு மேல்செட் தரவேண்டும்,
மெழுகு இன்னும் உருக்கவில்லை.
"இது நம்ம கணக்குல இல்ல" என்று
அவன் ஒரு விரிசலைக் காட்டுகிறான்.
ஜன்னலை அவன் பிடித்துக்கொள்கிறான்.
நான் பசை தொட்டு வைக்கிறேன்.