சில்லறை மிடறுகள்

ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்தார் டாக்டர்.
இடது சிறுநீரகத்தில் நாலு மில்லிமீட்டர்.
மிளகு அளவுதான்.
இதுவா நேற்று ராத்திரி
என்னைக் குளியலறைத் தரையில் உருட்டியது?

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்க?"

டீ ஆறு, என்றேன்.
ஓட்டேரியில் சுக்கு, மந்தைவெளியில் இஞ்சி,
டிப்போவில் டிரைவர் கோதண்டபாணி வாங்கித் தரும் சர்க்கரைப் பாகு.
வெயிலுக்கு ஒரு பன்னீர் சோடா.
சம்பள நாளில் ரோஸ்மில்க்.

"நான் தண்ணியைக் கேட்டேன்."

பேனாவை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.
அவரிடம் எப்படிச் சொல்வது?
குடித்தால் போக வேண்டும்.
போக ஓர் இடம் வேண்டும்.
பெரம்பூரில் ஏறினால் பெசன்ட் நகர்வரை
ஒன்றே முக்கால் மணி நேரம்,
ஜெமினியில் மாட்டினால் இரண்டேகால்.
கோதண்டபாணிக்கு ஒரு சுவர் போதும்.
என் விசில் யார் யாருக்காகவோ
பஸ்ஸை நிறுத்தியிருக்கிறது.
பதினோரு வருடமாக
என் தாகம் மட்டும் ஃபுட்போர்டில் தொங்கிக்கொண்டே வர,
"உள்ளே போங்க, உள்ளே போங்க" என்று
ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மகன் ஒதுக்கிப்போட்ட எவர்சில்வர் பாட்டில்,
ஒரு பக்கம் நசுங்கியது,
ஆணியால் கீறிய 'ரூபன், 6 பி'.
டிக்கெட் பைக்குப் பக்கத்தில் அதுவும் தொங்கியது.

முதல் நாள் தண்ணீருக்கு ருசியே இல்லை.
நாலாம் நாள் இருந்தது:
லாரித் தண்ணீரில் குளோரின்,
கேன் தண்ணீரில் வெயிலில் காய்ந்த பிளாஸ்டிக்,
பெசன்ட் நகர் குழாயில் நுனிநாக்கு உப்பு,
காய்ச்சி ஆறவைத்ததில் பாத்திரத்தின் வாசனை.
இத்தனை நாளும் சர்க்கரை
இதையெல்லாம் மூடி போட்டு வைத்திருக்கிறது.

மடக்மடக்கென்று குடித்தால்
லஸ் தாண்டுவதற்குள் அடிவயிறு விசிலடிக்கும்.
அதனால் சில்லறையாக:
ஜமாலியா தாண்டி இரண்டு மிடறு,
டவுட்டனில் ஒன்று,
சேத்துப்பட்டு சிக்னல் சிவப்பென்றால் மூன்று.
லஸ்ஸில் கூட்டம், கை ஒழியவில்லை,
கடன் சொன்னேன்.
அடையாறு பாலத்தில் கடனை அடைத்தேன்,
ஆற்றின் பக்கம் திரும்பாமல்.

டெர்மினஸில் இறங்கி
டைம்கீப்பர் ஹயாத் பாஷாவிடம்
கழிவறைச் சாவி கேட்டேன்.
மேஜை டிராயரை முழுக்கக் கவிழ்த்தார்.
"இத்தனை நாளா யாரும்மா இதைக் கேட்டாங்க?"

துருப்பிடித்த பூட்டு, மூன்றாம் திருகலில் இறங்கியது.
உள்ளே அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள்
ஏழு பழைய டயர்கள்.

நானே உருட்டி வெளியே விட்டேன்,
ஒவ்வொன்றாக, யூனிஃபார்மோடு.
ஏழாவது டயர் தானாகவே ஓடிப்போய்
ஹயாத் பாஷாவின் ஸ்கூட்டரில் சாய்ந்துகொண்டது.
வாளி வந்தது. பினாயில் வந்தது.
தாழ்ப்பாள் வர மட்டும் ஒன்பது நாளானது,
அதுவரை ஒரு காலால் கதவை முட்டுக்கொடுத்தேன்.

இப்போது சோளம் சுடும் கன்னிகா கேட்கிறாள்:
"அக்கா, சாவி உங்ககிட்டயா?"
அவள் வண்டியிலும் ஒரு பாட்டில் முளைத்திருக்கிறது.

நிறம் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.
யாரிடமும் பேசக்கூடிய விஷயமில்லை, இருந்தாலும்:
முதல் வாரம் கடலை எண்ணெய்,
அப்புறம் வைக்கோல்,
நேற்று எலுமிச்சைத் தோல் ஊறிய தண்ணீர்.
தனியாக நின்று சிரித்தேன்
அந்த நாலடி அறைக்குள்.

கல் இன்னும் உள்ளேதான்.
டிக்கெட் எடுக்காமல் ஏறியது,
எந்த ஸ்டாப்பில் இறங்குமோ.
நகர்ந்தால் வலிக்கும் என்று சொல்லியிருக்கிறார்கள்.

மணி நாலரை.
கோதண்டபாணி டீ கிளாஸை நீட்டுகிறார்,
கோபித்துக்கொள்ளும் மனிதர்.
பாதி மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.