தும்புத்தடி

எக்லிண்டன் வீதித் தொடர்மாடியில்
பதினோராம் தளம் எனக்கு,
பன்னிரண்டாம் தளம் அவர்களுக்கு.
நடுவில் எட்டு அங்குலக் கொன்கிரீட்டும்
பதினான்கு மாதக் கோபமும்.

இரவு ஒன்றரைக்குத் தொடங்கும்.
டொக்.
பிறகு ஏதோ இழுபடும் ஓசை.
பிறகும் டொக்.
நாலு மணிக்கு நான்
பாண் தொழிற்சாலையில் நிற்கவேண்டும்.
என் நித்திரையைப் பற்றி மாவுக்கு என்ன கவலை?
கட்டிலில் ஏறி நின்று
தும்புத்தடியால் முகட்டில் இடிப்பேன்,
மூன்று தரம்.
நிற்கும்.
பத்து நிமிடத்தில் மறுபடி வரும், மெதுவாக,
களவெடுக்க வந்தவன் நடப்பதுபோல.

கட்டட அலுவலகத்துக்கு நாலு கடிதம் எழுதினேன்.
நாலாவதில் 'தயவுசெய்து' இல்லை.

மாசி மாத உறைபனியில் ஒருநாள்
லோண்டரி அறையில், உடுப்பு மடிக்கும் மேசை முழுக்கக்
கடதாசி விரித்திருந்தாள் ஒரு பெட்டை.
பெயர் மெரெடித். காதுமடலிலும் பெயிண்ட்.
இந்தக் கட்டடத்துக் கதைகளைச் சேர்த்து
வாகனத் தரிப்பிடச் சுவரில் தீட்டப் போகிறார்களாம்.
ஒருவர் சொல்ல மற்றவர் கீறவேண்டும்.
கீறுகிறவர் வாய் திறக்கக்கூடாது.
ஆளுக்கு ஆறு நிமிடம்.

என் ட்ரையர் ஓடி முடிய
இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது.
இல்லாவிட்டால் இருந்திருக்கமாட்டேன்.

எதிரே அமர்ந்தவள் லிகாயா.
ஆயிரத்து இருநூற்று எட்டு என்றாள்.
என் கதவில் ஆயிரத்து நூற்று எட்டு.
சொல்லவில்லை.
வாய் திறக்கக்கூடாதே.

புருசன் ரொடெல். கூரை வேலை.
மிசிசாகாவில் யாரோ வீட்டு முகப்பிலிருந்து
ஒக்டோபர் மழையில் வழுக்கி விழுந்தாராம்.
இடுப்பில் தகடு, தகட்டில் ஆறு ஆணி.
பகலில் நடக்கச் சொன்னால் மாட்டார்,
மகன் பார்த்துவிடுவான்.
அவன் உறங்கியபின்தான்
குசினியிலிருந்து வாசல்வரை,
வோக்கரைத் தூக்கி வைத்து,
காலை இழுத்து.
முதல் மாதம் ஐந்து அடி.

எனக்கு மாடு கீறினாலே மேசை மாதிரி வரும்.
ஒரு காலைக் கீறினேன்.
பெருத்துவிட்டது.
மற்றக் காலுக்குக் கடதாசியில் இடமில்லை.

"கீழே ஓர் ஆள் இடிக்கும்," என்றாள்.
"இடித்தால் ரொடெல் அப்படியே நிற்பார்,
ஒரு கால் தரையில் படாமல்.
பத்து நிமிடம் நிற்பார்."

மணி அடித்தது. என் முறை.
அந்த ஆள் நான்தான் என்று சொல்ல
நாலு செக்கன் போதும்.
நான் பாணைப் பற்றிக் கதைத்தேன்.
முதல் பஸ்சில் எல்லோரும் கண்ணாடியில் தலைசாய்த்து
ஒருவர் மூச்சில் ஒருவர் உறங்குவதை.
தட்டுச் சூட்டில் விரல்ரேகை தேய்ந்து
என் போனே என்னை யாரென்று கேட்பதை.
அங்கே எட்டு வருடமாக
ஒருவரும் கேளாத, நானும் சொல்லாத விசயங்கள்.
வாயைத் திறந்தால் நாங்கள் அதைக் கதை என்றுதான் சொல்வோம்.
எனக்கும் ஒரு கதை இருந்ததென்று
அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவள் தலை நிமிரவேயில்லை.
நேரம் முடிய, தாளைத் திருப்பிக் காட்டினாள்.
பாண் இல்லை. பஸ் இல்லை.
நீளமாக, நேராக,
நுனியில் கொஞ்சம் மயிர் கலைந்து
ஒரு தும்புத்தடி.

சிரிக்கவில்லை அவள். முறைக்கவும் இல்லை.
எப்போதிருந்து தெரியும் என்று
நானும் கேட்கவில்லை.
ட்ரையர் நின்றது. போர்வையின் மறுமுனையை
அவள் பிடிக்க, மடித்தோம்.

வைகாசியில் சுவர் நிறைந்தது.
என் கால் இடதுபக்க மூலையில், ஒற்றையாக.
தும்புத்தடியை மரமாக்கிவிட்டார்கள்,
பார்க்கிறவர்களுக்கு விளங்காதாம்.

இன்னும் ஒன்றரைக்குக் கண் திறக்கிறது.
இன்னும் எரிச்சல்தான், ஏன் பொய் சொல்ல?
ஆனால் எண்ணுகிறேன்.
நேற்றுப் பதினான்கு.
இன்று பதினாறு, பதினேழு,
பிறகு ஒன்றுமில்லை.
தூக்கிய காலோடு நிற்கிறாரோ?
நான் புரண்டதில் கட்டில் முனகியது
மேலே கேட்டுவிட்டதோ?
நடவுங்கோ, இது நான் இடித்ததல்ல என்று
முகட்டில் தட்டிச் சொல்லவும்
வழியில்லை எனக்கு.