சிவப்புச் சட்டை

வெஸ்ட்ஃபாலியா, 1947. மாவட்ட லீகின் முதல் ஆட்டம்.
நிலக்கரி லாரியில் வந்திறங்கினோம்,
முகமெல்லாம் கரி.

பதினோரு சட்டையும் ஹெட்விக் தைத்தவை.
எந்தத் துணி என்று யாரும் கேட்கவில்லை.
அந்த வருடம் ஊரில்
சிவப்பு வேறு ஏது?

வெள்ளை வட்டத்தைப் பிரித்தெடுத்த இடம் மட்டும்
வெயில் காணாமல் அடர்ந்திருந்தது.
அது ஆல்வினின் முதுகில் விழுந்தது.

எதிரணிக்கும் அதே சிவப்பு.
நடுவர் எங்களைப் பார்த்தார்,
அவர்களைப் பார்த்தார்.
"ஓர் அணி சட்டையைக் கழற்றட்டும்."

இரண்டு அணியும் கழற்றியது.

கரி முகம் நாங்கள்,
கழுவிய முகம் அவர்கள்,
விலா எலும்பு எல்லாருக்கும் ஒன்று.
அரைமணியில் மழை பிடித்தது.
கரியும் போயிற்று.
யார் யாருக்குத் தட்டினோமோ!

பதிவேட்டில் மூன்றுக்கு மூன்று.
அதில் ஒன்று
ஆல்வின் எங்களுக்கே போட்டது.
இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.