பாதிக் கோர்ஸ்

சத்தியவேடு கடைசி பஸ் போன பிறகுதான்
அவன் வந்தான்.
வலி மாத்திரை, பத்து அட்டை. சீட்டு இல்லை.
இல்லை என்றேன்
தமிழில் ஒருமுறை, தெலுங்கில் ஒருமுறை.
லேது என்பது ரெண்டே எழுத்து.
சொல்லி முடிப்பதற்குள்
கோழி வெட்டும் கத்தி கவுண்டரைத் தாண்டிவிட்டது.

ஒன்பது தையல்.
வலது கட்டைவிரல் அன்றிலிருந்து மடங்குவதில்லை.
அட்டையைக் கிழிக்க வராது,
கத்தரிக்கோலால் வெட்டுகிறேன்.
முதலாளி கடைக்குக் கம்பி போட்டார்,
கை நுழையும் அளவுக்கு ஒரு சதுர ஓட்டை வைத்து.
காலை ஒன்பதிலிருந்து இரவு பத்து வரை
கம்பிக்கு உள்ளே இருப்பவள் நான்.

ஊத்துக்கோட்டை கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடையில் வைத்து வக்கீல் குமாஸ்தா கேட்டார்:
ஜெயிலா, மறுவாழ்வு மையமா,
உங்களுக்கு ஏதாவது ஆட்சேபணை?
டீயா காபியா என்பது போல.

எனக்கு அவன் எலும்பு நொறுங்க வேண்டும் என்று இருந்தது.
மனுவில் அதற்கு இடம் விடவில்லை.

போன தடவை ஜெயிலில் நாலு மாதம்.
கஞ்சாவோடு போனவன்
மாத்திரையைக் கரைத்து ஏற்றக் கற்றுக்கொண்டு வந்தான்.
அதற்கு முந்தி ஏதோ ஒரு மையம்.
பதினோராம் நாள் கக்கூஸ் ஜன்னலைப் பெயர்த்து ஓட்டம்.
பாதிக் கோர்ஸ்.

இது எனக்குத் தெரிந்த விஷயம்.
ஐந்து நாள் மருந்தை
காய்ச்சல் விட்டதும் ரெண்டாம் நாளே நிறுத்துகிறவர்கள்
அடுத்த மாதம் திரும்ப வருவார்கள்.
பழைய மருந்து அப்போது கேட்காது,
கிருமி அதைப் படித்து வைத்திருக்கும்.
அதற்காக மருந்தே பொய் என்பேனா?
மெய் என்று சத்தியம் பண்ணவும் வாய் வரவில்லை.
விரல் குறுக்கே நின்றது.

அவன் பெண்டாட்டி மஸ்தானம்மா வந்தாள்.
காலில் விழப்போகிறாள் என்று பின்வாங்கினேன்.
விழவில்லை.
"எங்கனா போடு அக்கா, ஜெயிலோ ஆஸ்பத்திரியோ.
ஊட்டுக்கு மட்டும் அனுப்பிடாதே.
கொஞ்ச நாள் நான் தூங்கணும்."
அவள் புருவத்தில்
என்னுடையதைவிடப் பழைய தையல்.

மையத்துக்கு அனுப்ப
ஆட்சேபணை இல்லை என்று எழுதிக் கொடுத்தேன்.
"மன்னிச்சிட்டேன்னு ஒரு வரி சேத்துக்கலாமே,
ஜட்ஜுக்கும் நல்லாருக்கும்" என்றார் குமாஸ்தா.
அது வேற மருந்து, சார்.
ஸ்டாக் இல்லை.

ஐந்து மாதம்.
ஓடவில்லையாம்.
ஒரு தடவை வார்டு பையனைக் கடித்தானாம்.
ஒரு தடவை தானாகவே கட்டிப்போடச் சொன்னானாம்.
இப்போது வீட்டில்.

நேற்று அந்தச் சதுர ஓட்டைக்குள் ஒரு சீட்டு நுழைந்தது.
தினம் ஒன்று, முப்பது நாளைக்கு.
சீட்டின் மேல் வெங்கடேசலு, வயது இருபத்தொன்பது.
தூங்கறியா என்று கேட்டேன்.
"ஒரு கண்ணு மட்டும்" என்றாள் மஸ்தானம்மா.
பிறகு குரலை இறக்கி,
"பத்து குடு போதும். காசு அவ்ளோதான்."

பத்தாவது மாத்திரைக்கும் பதினோராவதுக்கும் நடுவில்
கத்தரிக்கோலை வைத்தேன்.
எடுத்தேன்.

முப்பதும் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டு
இருபது மாத்திரைக் கணக்கைக் கடன் நோட்டில் எழுதினேன்.
குற்றப்பத்திரிகையில் படித்த அதே பெயர்.
மடங்காத விரலில் பேனா வழுக்கி
கோணலாக வந்தது.

முதலாளி எட்டிப் பார்த்தார்.
"இவன் எங்கே திருப்பித் தரப்போறான்?"

தெரியாது என்றேன்.