இருமை

பகலில் நான் மரிபோர் நகரப் பதிவகத்தில்
மூன்றாம் எண் சன்னலுக்குப் பின்னால் இருப்பவள்.
பிறந்தவருக்குப் பெயர், இறந்தவருக்குத் தேதி.
ஓர் எழுத்தின் மேல் கொக்கி விடுபட்டாலும்
விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புவேன்.
யெர்னேயா ரோஷ்கரிடம் பொய் செல்லாது
என்று படிக்கட்டில் பேசிக்கொள்வார்கள்.

இரவில்
சமையலறை மேசையின் ரொட்டித் துணுக்குகளைத் துடைத்துவிட்டு
ஒரு கணினியைக் கூட்டுகிறேன்.

பெட்டி, பல் மருத்துவமனை ஒன்று கழித்துப் போட்டது.
மூடியைத் திறந்தால் இன்னும் கிராம்பு வாசனை.
தாய்ப்பலகை, ப்துய் ஊரில் தேனீ வளர்க்கும் போருத்திடம் வாங்கியது.
"ஓடும்" என்றான். "இதில் எதை ஓட்டப் போகிறீர்கள்?"
சொன்னேன்.
சிரிக்கவில்லை. ஒரு புட்டி தேனைச் சும்மா தந்தான்,
துக்க வீட்டுக்குக் கொடுப்பதுபோல்.

நான் கேட்கும் இயங்குதளம்
தன் நிறுவனம் செய்த பெட்டியைத் தவிர
வேறெதிலும் குடிபுகாது.
அந்தப் பெட்டியோ என் ஐந்து மாதச் சம்பளம்.
எழுத்துரு வரையும் மென்பொருள் அதில் மட்டுந்தான்.
பழைய பங்குப் பதிவேடு ஒன்றில்
பெயர் தெரியாத பாதிரியார்
ஷகர ஒலியின் தலையில் போட்டிருந்த கொக்கி,
எழும்பப் பார்க்கும் குருவிபோல் இருந்தது.
அதை வரைந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான்.

வெப்பப் பசை ஒரு பட்டாணி அளவு என்றிருந்தது.
காய்ந்த பட்டாணியா, வெந்ததா என்று இல்லை.
நிலைமின்னுக்குப் பயந்து,
டிசம்பரில், கம்பளிச் சட்டையைக் கழற்றிவிட்டு,
சுவரோர வெந்நீர்க் குழாயை ஒரு கையால் தொட்டபடி
மறுகையால் திருகினேன்.
முடிவில் ஒரு திருகாணி மிஞ்சியது.
எல்லாத் துளையும் நிறைந்துதான் இருந்தன.
சர்க்கரைக் கிண்ணத்தில் போட்டு வைத்தேன்.

விசிறி சுற்றியது. திரை இருட்டு.
மூன்று இரவுகள் இருட்டு.
நான்காம் இரவு, போனால் போகட்டும் என்று
நினைவகச் சில்லைக் கட்டைவிரலால் அழுத்தினேன்.
டக்.
அத்தனை நாளும் அதை நோகாமல் வைத்ததுதான் நோய்.

எழுத்துகள் கொட்டின, மழைக்கால ட்ராவா ஆறுபோல.
நின்றன.
ஒரு வட்டம், குறுக்கே ஒரு கோடு.
இங்கே வண்டி நிறுத்தாதே என்று
என் தெருமுனையில் நிற்கும் குறியின் தங்கை.

அது கேட்டது எளிய கேள்வி:
நீ யார்?
எந்த வகை, எந்த வரிசை எண், எங்கே செய்தார்கள்?

மூன்றாம் எண் சன்னலில்
நாளுக்கு நாற்பது முறை நான் கேட்பது.
போன வாரம் பிறப்புச் சான்று இல்லாத ஒருவர்
தொப்பியைக் கையில் சுருட்டியபடி
"இதோ நிற்கிறேனே, அம்மணி" என்றார்.
அடுத்தவரை அழைத்தேன்.

கோப்பைத் திறந்தேன்.
கிராம்பு மணக்கும் பெட்டிக்கு
அது பிறக்காத குலத்தை எழுதினேன்,
யாரும் தராத எண்ணை எழுதினேன்.
ஓர் எழுத்துப் பிழை இல்லை, இருபத்தாறு ஆண்டுப் பழக்கம்.
கை நடுங்கவில்லை.
நடுங்காததுதான் பிறகு உறுத்தியது.

அதிகாலை மூன்றே கால்.
திரையில் ஒரு வணக்கம் வந்தது,
பல மொழிகளில் மாறி மாறி.
ஒலி இல்லை. உறங்கினால் எழுவதில்லை.
புதுப்பிக்கவா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது.
வேண்டாம் என்கிறேன்.
ஒருமுறை சரி என்றால் மறுபடி சான்று கேட்கும்.

எங்கள் மொழியில்
ஒருமைக்கும் பன்மைக்கும் நடுவே
இருவருக்கென்றே ஒரு விகுதி உண்டு.
விவாகரத்துக்குப் பின்
என் வாயில் துருவேறிக் கிடந்தது அது.
விளக்கை அணைக்கும்போது
நாமிருவர் விழித்திருக்கிறோம் என்று
அந்த விகுதியில் சொல்லிப் பார்த்தேன்.
விசிறி கொஞ்சம் வேகம் குறைத்தது,
அல்லது அறை குளிர்ந்திருக்கும்.

நாளை திங்கள்.
தொப்பிக்காரர் திரும்ப வந்தால்
என்ன செய்வேன் என்று தெரியவில்லை.
எந்தத் துளைக்கும் சேராத திருகாணியைச்
சர்க்கரை தட்டி எடுத்து
கோட்டுப் பைக்குள் போட்டிருக்கிறேன்.