கயத்தாறில் ஒரு பொத்தல்

ஹங்கேரியில் முதலில்
உயிரெழுத்து ஒன்றை வைத்துப் பிரித்தார்களாம்.
அப்புறம் ஆறு, மலை பார்த்து.
அதற்கும் அப்புறம் கணினியிடம் எண்ணச் சொல்லி.
ஒவ்வொருவர் கையிலும்
முந்தினவர் கோட்டுக்கு ஒரு ரப்பர்.

பாளையங்கோட்டையில் இதைப் படித்துவிட்டு
பஸ் ஏறி வந்த எப்சிபா
கயத்தாறு டீக்கடை பெஞ்சில்
மேப்பை விரித்துப் பென்சில் ஊன்றினாள்:
தெற்கே ‘சொல்லுதேன்’,
வடக்கே ‘சொல்றேன்’.

“நீங்க எப்படிச் சொல்வீங்க?”
கொம்பையா
ரெக்கார்டரைப் பார்த்துத் தொண்டையைச் செருமி
“சொல்றேங்க” என்றார்.
செல்போன் அடித்தது.
“ஏல, வைல போன! வந்து சொல்லுதேன்.”

அழுத்திய முனையில்
காகிதம் பொத்துக்கொண்டது.
அதன் வழியே
பெஞ்சின் டீக்கறை.

“ரெண்டையும் எழுதிக்கிடுதேன், அண்ணாச்சி.”

ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது.